ரிட்டன் லோடு

“இந்த வண்டிய திரும்ப ஆரு கொண்டு வருவா மக்கா?”

2023 ஆகஸ்ட் மாத நடுவில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துச் சாம்பெய்ன் நகரில், வாடகை லாரி நிலையம் ஒன்றின் முற்றத்தில் நின்றுகொண்டு தந்தை கேட்ட முதற் கேள்வி அது. நெய்யாற்றின்கரை வட்டத்துக் கோட்டுகாலிலிருந்து மே மாதம் வந்தவர். வயது எழுபத்தொன்று. பதினாறாம் வயதில் கிளீனராக லாரியில் ஏறி, பின்னர் முப்பத்தொரு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். மகன் அந்நகரத்துப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஓராண்டு ஆய்வுப் பணியும் முடித்து, அட்லாண்டாவில் புதிய வேலைக்குச் செல்கிறான். மருமகளும் பேத்தியும் ஜூலையிலேயே அங்குப் போய்விட்டனர். வீட்டுச் சாமான்களையும் காரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே மிச்சம்.

“யாரும் கொண்டு வர வேண்டாம் அப்பா. அங்கேயே விட்டுவிடலாம்” என்றான் மகன்.

தந்தை மீண்டும் ஒருமுறை லாரியைப் பார்த்தார். இருபதடி நீளப் பெட்டி, பதினோரடி உயரம். அதன் பின்னால் இரண்டே சக்கரங்கள் கொண்ட ஒரு சிறு இழுவண்டி. அதை டாலி என்கிறார்கள். காரின் முன் சக்கரங்களை அதன்மேல் ஏற்றிப் பட்டைகளால் இறுக்கிவிட்டால், பின் சக்கரங்கள் சாலையில் உருள, கார் லாரியைத் தொடர்ந்து வரும். முன் சக்கரங்களால் இயங்கும் கார்களுக்கே இம்முறை ஏற்றது. இத்தனையும் சேர்ந்து ஏறக்குறைய பஸ் ஒன்றைவிட நீளம். இதை ஓட்டக் கார் உரிமமே போதும். வண்டியின் மொத்த எடை வரம்பு 26,000 பவுண்டுகளைத் தாண்டினால்தான் கனரக உரிமம் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். கனரக உரிமமும் பேட்ஜும் வைத்திருந்த தந்தை ஓட்டக் கூடாது. வாழ்நாளில் கார் தவிர வேறொன்றும் ஓட்டியிராத மகன் ஓட்டலாம்.

“அப்போ நான் கிளீனர்” என்று சொல்லிக்கொண்டு தந்தை ஏறி அமர்ந்தார்.

திரும்ப யார் கொண்டு வருவார் என்ற கேள்வி முதுமையின் அறியாமை போலத் தோன்றலாம். அது ஒரு தொழிலின் அடிப்படைக் கேள்வி. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் லாரி வாடகை பேசும்போது போகும் தூரத்தோடு திரும்பும் தூரமும் கணக்கில் ஏறும். இறக்கிய ஊரிலேயே வேறு சரக்குக் கிடைத்தால் அது ‘ரிட்டன் லோடு’. கிடைக்காவிட்டால் வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். அந்த நட்டத்தை வாடகைக்கு எடுத்தவரோ வண்டிக்காரரோ ஏற்க வேண்டும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து அரிசியும் காய்கறியும் ஏற்றித் திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் இறக்குவதும், கொல்லத்து ஓட்டுத் தொழிற்சாலைகளிலிருந்து கூரையோடு ஏற்றி ஆரியங்காவு வழியே செங்கோட்டைப் பக்கம் போவதுமாகக் கழிந்தது தந்தையின் காலம். ரிட்டன் லோடு கிடைக்கும்வரை ஷெட்டில் இரண்டு நாள் காத்துக் கிடப்பார்; கிடைக்காவிட்டாலும் வண்டி ஊர் வந்து சேரும். வண்டிக்கு ஊர் உண்டு. அந்த ஊரின் பெயரும் முதலாளியின் பெயரும் அதன் நெற்றியில் எழுதியிருக்கும்.

அமெரிக்காவில் அக்கேள்விக்கு வேறு விடை கண்டவர் லியோனார்ட் ஷோயென். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் கடற்படையிலிருந்து விடுவிக்கப்பட்ட அவர், வீடு மாறுவதற்கு இழுவண்டி தேடினார். எடுத்த ஊரிலேயே திரும்பக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வண்டிகள் கிடைத்தன. ஒரு வழிப் பயணம் போகிறவன் எதற்குத் திரும்பி வருவான்? 1945இல் மனைவி ஆனா மேரியுடன் வாஷிங்டன் மாநிலத்து ரிட்ஜ்ஃபீல்டில் அவர் தொடங்கிய யூ-ஹால் நிறுவனம் இந்த ஒரு கேள்வியின்மேல் எழுந்தது. ஓர் ஊரில் எடு. மற்றோர் ஊரில் விடு. போர் முடிந்து, வேலை தேடி மாநிலம் மாநிலமாகப் பெயர்ந்த ஒரு தலைமுறைக்கு அது பொருந்திப்போனது. இன்று அந்நிறுவனத்தின் லாரிகளுக்கு எந்த மாநிலத்தில் ஓடினாலும் அரிசோனா மாநிலத்து எண் பலகையே. சொந்த ஊர் என ஒன்றில்லாமல், யாராவது விட்ட இடத்திலிருந்து யாராவது எடுக்கும் இடத்துக்கு அவை நகர்ந்துகொண்டேயிருக்கின்றன.

ஏற்றும் வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. “லோடுமேன் எப்ப வருவாங்க?” என்று தந்தை கேட்டார். லோடுமேன் இல்லை. மகனும், உடன் படித்த நண்பர்கள் இருவரும், பெட்டியிலிருந்து தரைவரை இறங்கும் சாய்வுப் பலகையும்தான். தந்தை பொருள் எதையும் தூக்கவில்லை. பெட்டிக்குள் நின்று எது எங்கே என்று சொன்னார். பளு முன்பக்கம், ஓட்டுநர் முதுகை ஒட்டி. புத்தகப் பெட்டிகள் அடியில். மெத்தைகள் பக்கவாட்டில், இடைவெளியை அடைக்க. பின்பக்கம் கனத்தால் வண்டியின் முன் சக்கரங்களுக்குப் பிடிமானம் குறையும். இழுவண்டி வாலாட்டத் தொடங்கும். நிறுவனம் கொடுத்த கையேட்டிலும் இதுவே இருந்தது. அவர் அதைப் படிக்கவில்லை.

பிற்பகல் மூன்று மணிக்குள் ஏறத்தாழ இரண்டு டன் ஏறிவிட்டது. இருபத்திரண்டு புத்தகப் பெட்டிகள். மாவரைக்கும் கிரைண்டர். தையல் இயந்திரம். குழந்தையின் கட்டில், அவள் இன்னும் வளர்ந்தபின் படிக்க வேண்டிய மேசை. கறிவேப்பிலைச் செடி வைத்த தொட்டிகள் இரண்டு. பெட்டிக் கதவை இறக்கிப் பூட்டுமுன் தந்தை சிறிது நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்.

மூன்றாண்டு வேலை என்றுதான் மகன் ஊரில் சொல்லியிருந்தான்.

மூன்றாண்டு என்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2019இல் கோட்டுகால் வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பப்பட்டது. தந்தையின் சேமிப்பும், உதவித்தொகையில் மகன் மிச்சம் பிடித்து அனுப்பியதும் அதில் கலந்திருந்தன. படிப்பு முடிந்து வருகிறவனுக்கு என்று தாய் அதில் ஓர் அறையின் மூன்று சுவர்களிலும் புத்தக அலமாரி வைக்கச் சொன்னாள். 2021இல் தாய் மறைந்தாள். விமானங்கள் ஒழுங்காக ஓடாத காலம். மகன் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தான். மாடியில் அதன்பின் யாரும் குடியேறவில்லை. தந்தை கீழே தனியாக இருந்தார். அட்லாண்டா வேலை நிரந்தரமானது என்பதையும், நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போயிருப்பதையும் எப்போது சொல்வது என்று மகன் மே மாதத்திலிருந்து நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

புறப்பட்டனர். இழுத்துச் செல்லும்போது மணிக்கு 55 மைலுக்கு மேல் போகக் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. நெடுஞ்சாலையில் மற்றெல்லா வண்டிகளும் கடந்து போயின. இருபுறமும் சோளக் காடு. திசைமாற்றி இடப்பக்கம் இருக்கும் நாடு அது. தந்தை அமர்ந்திருந்த வலப்பக்க இருக்கை, அவரது முப்பத்தொரு ஆண்டுப் பழக்கத்தில் ஓட்டுநர் இருக்கை. முன்னே ஒரு வண்டி வேகம் குறைத்தால் அவரது வலக்கால் இல்லாத பிரேக்கை அழுத்தியது. புறப்பட்டுச் சில மைல்களிலேயே வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். “பட்டைய ஒருக்கா பாக்கணும்.” பார்த்தார்கள். காரின் இடச் சக்கரத்துப் பட்டை ஒரு விரல் நுழையும் அளவு தளர்ந்திருந்தது. புதிதாகக் கட்டிய எந்தக் கட்டும் முதல் ஓட்டத்தில் தளரும். தார்ப்பாய்க் கயிறாயினும் ராட்செட் பட்டையாயினும் அப்படித்தான். மகன் இறுக்கினான். தந்தை ஒருமுறை புறங்கையால் சக்கரக் குடத்தைத் தொட்டு, சூடில்லை என்று கண்டு ஏறிக்கொண்டார்.

“லிட்டருக்கு எத்தன கிடைக்கும்?”

கேலனுக்குப் பத்து மைல் என்பதை மகன் மனத்தில் மாற்றிக் கணக்கிட்டு, நான்கு கிலோமீட்டர் என்றான். தந்தைக்கு முதன்முறையாகச் சிரிப்பு வந்தது. அவரது வண்டியும் அவ்வளவுதான் கொடுத்தது.

இரவு எட்டரை மணியளவில் ஒஹையோ ஆற்றுப் பாலத்தைக் கடந்தனர். ஆற்றுக்கு இப்பால் இல்லினாய், அப்பால் கென்டக்கி. தந்தை நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு கேட்டார்: “செக்போஸ்ட் எங்க?”

அங்கே வரவேற்புப் பலகை ஒன்று மட்டும் இருந்தது.

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே அமரவிளை சோதனைச்சாவடியில் நின்ற இரவுகளை அவர் கணக்கு வைத்ததில்லை. மாநில எல்லை கடந்த ஒவ்வொரு சரக்கு லாரியும் அங்கே காகிதம் காட்ட வேண்டும். தமிழ்நாட்டு வரி ஒன்று, கேரள வரி ஒன்று. வரிசை சில இரவுகளில் கிலோமீட்டர் கணக்கில் நீளும். கிளீனர்கள் சாலையோரம் அடுப்பு மூட்டிக் கஞ்சி வைப்பார்கள். 2017 ஜூலை 1இல் சரக்கு சேவை வரி வந்தபின் வரிச் சாவடிகளின் காலம் முடிந்தது. அதற்கு முன்பே அவர் லாரியிலிருந்து இறங்கிவிட்டார். ஆனால் எல்லை என்றால் நிற்க வேண்டும் என்பது உடம்பில் தங்கிவிட்டது.

அந்த எல்லை அவருக்கு நான்கு வயதானபோது போடப்பட்டது. திருவிதாங்கூர்-கொச்சியின் தென் வட்டங்களான தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நேசமணி தலைமையில் நடந்த போராட்டம் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு முதலியவற்றையும் கேட்டிருந்தது. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. இறுதியில் நெய்யாற்றின்கரை கேரளத்தோடே நின்றது. தந்தையின் மூத்த சகோதரி மார்த்தாண்டத்துக்கு அருகில் மணம் முடித்துப் போனவர். முப்பது கிலோமீட்டருக்குள் இருந்த அக்காள் வீடு வேறு மாநிலமாயிற்று. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் எழுதி, லாரியில் இரண்டையும் கலந்து வாழ்ந்தார்கள் அப்பகுதியினர். இவர்கள் யாரும் இடம் பெயரவில்லை. இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை வந்து பக்கத்தில் நின்றது.

இரவு ஒன்பது மணிக்குப் பின் பாதூகா நகரில் சாலையோர விடுதி ஒன்றுக்குள் வண்டியைத் திருப்பினான் மகன். முன்புற நிறுத்துமிடம் நிறைந்திருந்தது. பின்புறம் இடமிருக்கும் என்று கட்டடத்தைச் சுற்றிப் போனான். பின்புறம் ஒரு வேலி. வேலிக்கு அப்பால் பள்ளம்.

டாலியோடு பின்னால் எடுக்கவே கூடாது என்பது கையேட்டின் முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்தது. காரணம் எளியது. ஒரே இணைப்புள்ள இழுவண்டியைப் பழகியவர்கள் பின்னால் எடுத்துவிடலாம். டாலியில் இணைப்பு இரண்டு: லாரிக்கும் டாலிக்கும் நடுவே ஒன்று, டாலியின்மேல் திரும்பும் காருக்கு ஒன்று. பின்னோக்கித் தள்ளினால் முதல் இணைப்பு ஒரு பக்கமும் இரண்டாவது மறுபக்கமும் மடங்கும். எந்தத் திறமையும் அதை நேராக்காது.

மகன் அறிந்தும் முயன்றான். களைப்பு அவ்வளவு. தந்தை இறங்கிப் பின்னால் போய் நின்றார். அவரது கிளீனர் மொழியில், பெட்டியில் ஒரு தட்டு என்றால் போகலாம், இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மகன் பத்தடி எடுத்திருப்பான். இரண்டு தட்டு விழுந்தது. இறங்கிப் பார்த்தபோது டாலி கத்தி மடங்குவதுபோல் மடங்கி, காரின் முன்பக்கம் லாரியின் பின்மூலைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

வேறு வழியில்லை. பட்டைகளை அவிழ்த்து, சங்கிலிகளைக் கழற்றி, காரை இறக்கி ஓரம் சேர்த்து, டாலியை லாரியிலிருந்து பிரித்து, கையால் தள்ளி அகற்றி, லாரியை மட்டும் திருப்பி, மறுபடியும் எல்லாவற்றையும் பூட்ட வேண்டும். டாலி மட்டும் ஏறத்தாழ 340 கிலோ. இருவரும் தள்ளிப் பார்த்தனர், அசைந்தது, உருளவில்லை. அப்போது விடுதியில் தங்கியிருந்த ஒருவர் கையில் விளக்கோடு வந்தார். பெருவண்டி ஓட்டுபவர் என்பது நடையிலேயே தெரிந்தது. கேட்காமலேயே தோள் கொடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இறுதியில் அவரே இணைப்புக் குண்டின் பூட்டை இழுத்துச் சோதித்து, சங்கிலிகள் குறுக்காக மாட்டப்பட்டிருக்கின்றனவா என்று விளக்கடித்துப் பார்த்தார். மகன் இருபது டாலர் தாளொன்றை நீட்டினான். அவர் வாங்கவில்லை. தந்தையின் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

“நம்ம ஊர்ல பாத்துட்டு நின்னாலே கூலி” என்றார் தந்தை, படிக்கட்டில் ஏறும்போது.

நோக்குகூலியைத்தான் சொன்னார். சுமையைத் தொடாமலே, பிறர் இறக்குவதைப் பார்த்து நின்றதற்குச் சில இடங்களில் சுமைத் தொழிலாளர் கேட்டுப் பெற்ற கூலி அது. 2018 மே 1 முதல் கேரள அரசு அதை ஒழித்தது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும் அவ்வழக்கத்துக்கு முன்கதை ஒன்றும் உண்டு. கழுத்தெலும்பு தேய மூட்டை சுமந்து, நோயிலும் முதுமையிலும் ஏதுமின்றி விடப்பட்ட மனிதர்கள் சங்கமாகச் சேர்ந்துதான் 1978இல் சுமைத் தொழிலாளர் சட்டத்தைப் பெற்றார்கள். கூலியும் நலநிதியும் அதன்பின்பே உறுதியாயின. உரிமை சில கைகளில் மிரட்டலாக மாறியது பிற்கதை. தந்தை இரண்டு கதையையும் அறிந்தவர். சாலைச் சந்தையில் லோடுமேன்களோடு சண்டையும் போட்டிருக்கிறார், அவர்களின் சங்கக் கூட்டத்துக்கு லாரியும் ஓட்டியிருக்கிறார். அன்றிரவு மகன் முழங்கால் வீங்கி வலிக்கப் படுத்தபோது, சுமப்பவனென்று ஒருவனில்லாத நாட்டில் ஒவ்வொருவரும் தமக்குத்தாமே லோடுமேன் ஆக வேண்டியிருப்பதையும் கண்டார். வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து அவன் முழங்காலில் போட்டார்.

விளக்கை அணைத்தபின் சொன்னார்: “பின்னால எடுக்க முடியாத வண்டியில போவுதியே. கேறும்போதே எறங்குத எடம் தெரிஞ்சிருக்கணும் மக்கா.”

மகன் உறங்கியதுபோல் கிடந்தான்.

மறுநாள் நாஷ்வில் நகர நெரிசல் கடந்து, பிற்பகலில் மான்டீகில் மலை வந்தது. கம்பர்லாந்து மேட்டுநிலத்திலிருந்து தென்கிழக்காக இறங்கும் சரிவு அது. லாரி ஓட்டுநர்களிடையே பெயர் பெற்றது. பிரேக் பிடிக்காமற்போன லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்குச் சாலையோரம் தனிச் சரிவுகள் அமைத்திருக்கிறார்கள். இறக்கத்தின் உச்சியிலேயே தந்தை பேசத் தொடங்கினார். கையேட்டில் உள்ளதையே அவர் ஆரியங்காவில் கற்றிருந்தார். எந்தக் கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு. பிரேக்கில் காலை ஊன்றிக்கொண்டே போகாதே. சூடேறினால் அது பிரேக் அல்ல. அழுத்தி, குறைத்து, விட்டுவிடு, ஆறட்டும்.

பாதி இறக்கத்தில் பின்னாலிருந்து ஓர் அசைவு. முதலில் மெல்ல, பின் வலுவாக, லாரியின் வால் இடமும் வலமும் இழுபட்டது. வேகம் 55ஐத் தாண்டியிருந்தது. மகனின் கால் பிரேக்குக்குப் போயிற்று.

“சவுட்டாத! பிடிச்சுக்கோ. நேரா பிடி. பைய விடு, தானே நிக்கும்.”

ஆடும் இழுவண்டியை முன்வண்டியின் பிரேக்கால் நிறுத்த முயன்றால் பின்னால் வரும் பாரம் முன்னதைத் தள்ளிச் சாய்க்கும். திசைமாற்றியை நேராகப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறைய விடுவதே வழி. நான்கைந்து நொடிகள்தாம். ஆட்டம் அடங்கிற்று. அடிவாரத்தில் நிறுத்தி இறங்கியபோது மகனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தந்தை காரைச் சுற்றி வந்து பட்டைகளைப் பார்த்தார். சரியாகவே இருந்தன. வேகம்தான் காரணம்.

அங்கே, லாரி நிழலில் நின்றபடி மகன் சொன்னான். வேலை மூன்றாண்டுக்கானதன்று. விண்ணப்பம் போயிருக்கிறது. சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது.

தந்தை தண்ணீர் குடித்து முடித்தார். “ஏத்தும்போதே தெரியும். மூணு வருசத்துக்குப் போறவன் தையல் மெசினு கொண்டு போவானா? லோடப் பாத்தா தெரியாதா, வாறானா போறானான்னு.”

அதன்பின் நெடுநேரம் பேச்சில்லை.

சாட்டனூகாவை நெருங்குமுன் அந்நெடுஞ்சாலை ஒரு வேடிக்கை செய்கிறது. டென்னசியிலிருந்து ஜார்ஜியாவுக்குள் நுழைந்து, நான்கு மைல் போய், மீண்டும் டென்னசிக்கே திரும்புகிறது. அப்பகுதியில் கடிகாரமும் ஒரு மணி நேரம் முன்னே தாவும். வரவேற்புப் பலகைகள் அடுத்தடுத்து வந்தபோது தந்தை மௌனம் கலைந்து, “இதென்ன, பாறசாலையும் களியக்காவிளையும் மாதிரி” என்றார். மகன் அவ்வெல்லையின் கதையைச் சொன்னான். 35ஆம் அட்சக் கோட்டில் ஓட வேண்டிய எல்லையை 1818இல் அளந்தவர்கள் ஏறத்தாழ ஒரு மைல் தெற்கே தள்ளிப் போட்டுவிட்டார்கள். சரியாக அளந்திருந்தால் டென்னசி ஆற்றின் ஒரு வளைவு ஜார்ஜியாவைத் தொட்டிருக்கும். வறட்சி வரும்போதெல்லாம் ஜார்ஜியா அந்த ஒரு மைலைக் கேட்கிறது. 2013இலும் அதன் சட்டமன்றம் அதற்கெனத் தீர்மானம் நிறைவேற்றியது.

“தண்ணிக்குத்தான?”

“தண்ணீருக்குத்தான்.”

நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோட்டு வயல்களுக்குப் பாய்ந்த காலம் தந்தைக்குத் தெரியும். 2004இல் கேரளம் அதை நிறுத்தியபின், அக்காள் வீட்டு வயல் வாழைத்தோட்டமாகி, பின் ரப்பராகியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லை கடந்து போகும் லாரியைவிட எல்லை கடக்க முடியாத தண்ணீரையே அவர் அதிகம் கண்டிருந்தார்.

மாலை மயங்கும் வேளையில் அட்லாண்டா. மறுநாள் சாமான்கள் இறங்கின. லாரியைப் பெருக்கி, எடுத்தபோது இருந்த அளவுக்குப் பெட்ரோல் நிரப்பி, குறித்த நிலையத்தில் விட்டுச் சாவியைப் பெட்டியில் போட்டார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட லாரிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒன்றுக்கும் ஓட்டுநர் இல்லை. தந்தை தங்கள் லாரியை ஒருமுறை சுற்றி வந்தார். நெற்றியில் பெயர் ஏதும் இல்லாததை அப்போதுதான் கவனித்தவர்போல நின்றார். புறப்படும்போது, கோவில் நடையில் செய்வதுபோல், அதன் முன்பக்கத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செப்டம்பர் முழுவதும் அவர் புது வீட்டில் கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கு வெயில் காட்டினார். பேத்திக்கு ஊரின் நவராத்திரிக் கதை சொன்னார்: தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்த நாளிலிருந்து, சரசுவதி அம்மன் யானைமேலும், வேளிமலைக் குமாரசுவாமி வெள்ளிக் குதிரையிலும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை பல்லக்கிலும், குழித்துறையில் ஓரிரவும் நெய்யாற்றின்கரையில் ஓரிரவும் தங்கித் திருவனந்தபுரம் போவதை; எல்லையில் இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்வதை. “பொறவு?” என்று பேத்தி கேட்டாள். பிறகு பூசை முடிந்து அதே வழியே திரும்பிவிடுவார்கள் என்றார். ஒவ்வோராண்டும்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்தைய இரவு, சோறு உண்ணும்போது, வேறெதையோ பேசுவதுபோல் சொன்னார்: “விழிஞ்ஞம் துறைமுகத்து வேலைக்கு வந்த ஆளுகள் வீடு கேட்டு வாறாங்க. மாடிய வாடகைக்குக் குடுத்துரலாம்னு நெனைக்கேன். பூட்டிப் போட்டா கரையான் பிடிக்கும்.”

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “அலமாரி?” என்றான்.

“அலமாரி அங்கேயே இருக்கட்டு. ஆருக்கும் உபயோகப்படும்.”

அக்டோபர் முதல் வாரம். விமானத்தில் இருபத்து மூன்று கிலோப் பெட்டிகள் இரண்டு கொண்டு போகலாம். தந்தையிடம் ஒன்றுதான், எடையிட்டபோது பதினான்கு காட்டியது. இன்னும் என்னென்னவோ வைத்துக் கொடுக்க மருமகள் முயன்றாள். “ரிட்டன் லோடு கெடைக்கல்ல” என்று சிரித்து மறுத்துவிட்டார்.

விமான நிலைய வாசலில் கார்கள் நிற்க விடுவதில்லை. காவலர் கையசைத்து விரட்டிக்கொண்டிருந்தார். மருமகளும் பேத்தியும் அவரோடு உள்ளே போக, மகன் காரை எடுத்தாக வேண்டும். சாம்பெய்னிலிருந்து அத்தனை மைலும் பின்னாலேயே இழுபட்டு வந்த அதே கார். கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்ல வாயெடுத்தான். தந்தை குனியவில்லை. காரின் பின்பக்கம் போய், சாலையை ஒருமுறை பார்த்து, வண்டி ஏதும் வரவில்லை என்று கண்டு, கூரைமேல் கையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.